மனைப்பிரிவும் புதுச் சாலையும் ஊருக்கு வரும்போது

ஊருக்கு வெளியே நாலைந்து பேருடைய புஞ்சை அடுத்தடுத்துக் கைமாறும். பொக்லைன் வந்து வேலிக்கருவையைத் தள்ளும். பிறகு கலர் கொடி, எல்லைக்கல், மெயின் ரோட்டில் பெரிய போர்டு. அன்றைக்கே டீக்கடைப் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். "ரோடு வரும், பஸ் வரும், நம்ம நிலமும் விலை ஏறும்" என்று ஒரு பெஞ்சு. "ஏரிக்குத் தண்ணி வராது, இனிமே ஊரு நம்ம ஊரா இருக்காது" என்று இன்னொரு பெஞ்சு. கிராம சபை கூடுவதற்குள் இந்த இரண்டு பெஞ்சும் இரண்டு கட்சியாகிவிடும்.

இந்த இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்வது இந்த அத்தியாயத்தின் வேலையல்ல. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பேசுகிற ஊருக்கு, எந்தப் பக்கம் ஜெயித்தாலும் எழுத்தில் எதுவும் மிஞ்சுவதில்லை. எந்த சர்வே எண், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும், பாதை எத்தனை மீட்டர், அதை யார் பெயருக்கு எழுதிக்கொடுப்பார்கள் என்று கேட்கிற ஊருக்குத்தான் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும்.

கிராம சபையை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொழிற்சாலைக்கும் சுரங்கத்துக்கும் நடப்பதுபோல மனைப்பிரிவுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும் என்று பலர் காத்திருக்கிறார்கள். நடக்காது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 50 ஹெக்டேருக்குக் குறைவான மனைப்பிரிவைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. அதற்கு மேல் போனாலும் குடியிருப்புத் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே ஊர் மக்கள் கூடிப் பேசி, பேசியதை அரசுப் பதிவேட்டில் ஏற்றக்கூடிய இடம் அனேகமாகக் கிராம சபை ஒன்றுதான்.

கொடி நட்டவுடன் செய்ய வேண்டியவை

முதலில் போர்டைப் போட்டோ எடுத்து வையுங்கள், தேதி தெரியும்படி. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-ன்படி, 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு மனைக்கு மேல் போகிற திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவோ முன்பணம் வாங்கவோ கூடாது. மீறினால் திட்டச் செலவில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம். போர்டில் ரெரா பதிவு எண் இருந்தால், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் அந்தத் திட்டத்தைத் தேடிப் பாருங்கள். எண் இல்லையென்றால் அந்தப் போட்டோவே உங்கள் முதல் மனுவுக்கு இணைப்பு.

இரண்டாவது, அனுமதி எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிப்பது. "பஞ்சாயத்து அப்ரூவல் வாங்கியாச்சு" என்று யாராவது சொன்னால் அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். கிராமப்புற மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் தொழில்நுட்ப அனுமதி வேண்டும். உள்ளாட்சியின் இறுதி அனுமதி அதற்குப் பிறகுதான். நிலம் முழுமைத் திட்டப் பகுதிக்கு வெளியே இருந்து விவசாய நிலமாகவும் இருந்தால், அதற்கு முன்பாக நிலப் பயன்பாட்டு மாற்றம் வாங்க வேண்டும். அதில் வேளாண் இணை இயக்குநரின் கருத்து கேட்கப்படும். நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் ஒப்புதலும் தேவை. 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு பிரித்த அனுமதியற்ற மனையைப் பத்திரப்பதிவு செய்ய முடியாது. ஆகவே மனை போடுகிறவருக்கு இந்த அனுமதிகள் இல்லாமல் வியாபாரம் நடக்காது. ஒவ்வொரு படியிலும் ஓர் அலுவலகம் ஊரைப் பற்றிய தகவல் கேட்கிறது. ஊரின் பலம் அங்கேதான் இருக்கிறது.

எந்தக் கடிதம் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தோடு மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். "திட்டம் பற்றிய எல்லா விவரமும்" என்று கேட்காதீர்கள். சர்வே எண்களைக் குறிப்பிட்டு, விண்ணப்பத்தின் நகல், மனைப்பிரிவு வரைபடத்தின் நகல், வருவாய்த் துறையும் நீர்வளத் துறையும் அனுப்பிய கடிதங்களின் நகல் என்று தனித்தனியாகக் கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம்.

மேசையில் விரிக்க வேண்டிய இரண்டு காகிதம்

ஊரில் எத்தனை பேர் பேசினாலும், புலப்படமும் அ-பதிவேடும் இல்லாத கூட்டம் பாதிக் கூட்டம்தான். இரண்டையும் வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் எடுக்கலாம். செல்போனில் பார்ப்பது போதாது. பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிக் கொண்டுவாருங்கள்.

புலப்படத்தை எஃப்.எம்.பி. என்பார்கள். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு படம். நடுவில் அந்த நிலம், உட்பிரிவுகள், பக்கங்களின் நீளம் மீட்டரில். ஓரத்தில் பக்கத்து சர்வே எண்கள். பலர் கவனிக்காமல் விடுவது, படத்தின் குறுக்கே அல்லது ஓரமாகச் செல்லும் இணைகோடுகளை. அது வண்டிப்பாதையாக இருக்கும், வாய்க்காலாக இருக்கும், அல்லது ஓடையாக இருக்கும். அந்த இடத்துக்குத் தனி உட்பிரிவு எண் இருந்தால், அதை எடுத்துக்கொண்டு அ-பதிவேட்டுக்குப் போங்கள். அங்கே நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா, பரப்பு எத்தனை ஹெக்டேர், எத்தனை ஏர், யார் பெயரில் பட்டா என்று வரிசையாக இருக்கும். கடைசிப் பத்தியில் உள்ள குறிப்பில் 'வண்டிப்பாதை' என்றோ 'ஓடை' என்றோ ஒரே ஒரு சொல் எழுதியிருக்கும். அந்தச் சொல் இருந்தால், இடத்தை இன்றைக்கு யார் உழுதாலும் அது ஊர்ச் சொத்து. பொது நிலத்தை ஆக்கிரமித்து எத்தனை காலம் வைத்திருந்தாலும், அதில் எவ்வளவு செலவழித்துக் கட்டியிருந்தாலும் அது உரிமையாகாது என்று ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. பஞ்சாபில் ஒரு கிராமக் குளத்தைத் தூர்த்து வீடு கட்டிய வழக்கு அது.

அதே பதிவேட்டில் இன்னொன்றும் பாருங்கள். கைமாறிய நிலத்தில் பஞ்சமி நிலம் கலந்திருக்கிறதா? 1892-ல் அன்றைய அரசு பட்டியல் சாதி மக்களுக்கு நிபந்தனையோடு ஒதுக்கிய நிலம் அது. பிற வகுப்பாருக்கு விற்றால் செல்லாது. கோயில் நிலம், பூதான நிலம், உச்சவரம்பில் எடுத்துக் கொடுத்த நிலம் ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு உண்டு. பட்டாவில் இன்றைக்குத் தனியார் பெயர் இருப்பது மட்டும் போதாது. யூ.டி.ஆர். எனப்படும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பழைய பதிவேட்டில் என்ன இருந்தது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும். இதைச் செய்ய வேண்டியது காலனிக்காரர்கள் மட்டும் என்று ஊர் ஒதுங்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அது அநியாயம். ஓர் ஊராட்சியின் பதிவேட்டைக் காக்கும் பொறுப்பு அதன் வாக்காளர் எல்லாருக்கும் உண்டு.

நிலத்தில் ஒரு காலை

காகிதம் கையில் வந்த பிறகு, கூட்டத்துக்கு முன்பாக, ஒரு காலை நேரம் அந்த நிலத்தைச் சுற்றி நடந்து வாருங்கள். வார்டு உறுப்பினர், நிலத்தை விற்றவர்களில் ஒருவர், விற்காத பக்கத்து நிலத்துக்காரர், ஆடு மேய்க்கிற ஒருவர், மடையைத் திறந்து மூடுகிற நீர்க்கட்டி, காலனியிலிருந்து இரண்டு பேர், தண்ணீருக்கு நடக்கிற பெண்கள் எல்லாரும் இருக்க வேண்டும். வயதான மேய்ச்சல்காரரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "ஐப்பசி, கார்த்திகையில அடமழை பெஞ்சா தண்ணி எங்க நின்னு எந்தப் பக்கம் போகும்?" அவர் கையை நீட்டிக் காட்டுகிற திசையைப் புலப்படத்தின் ஜெராக்ஸில் பேனாவால் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். படத்தில் ஓடை இல்லாத இடத்திலும் தண்ணீர் ஓடும். பதிவேட்டில் ஏறாத அந்த ஓட்டத்துக்கு அவருடைய சொல்தான் சாட்சி.

இந்த அம்புக்குறி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர். 10 ஏக்கர் என்பது ஏறக்குறைய 40,470 சதுர மீட்டர். வடகிழக்குப் பருவத்தில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால் அந்த 10 ஏக்கரில் விழுகிற தண்ணீர் 40 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 330 லோடுக்கு மேல். உழுத புஞ்சையாக இருந்தவரை அதில் பெரும்பங்கு மண்ணுக்குள் இறங்கியது, மிச்சம் வரப்பில் தேங்கி மெதுவாக வடிந்தது. மனை போடுகிறவர் கிராவல் அடித்து மட்டத்தை இரண்டடி உயர்த்தி, தார் ரோடு போட்டு, சுற்றிலும் காம்பவுண்ட் எழுப்பினால், மேலேயிருந்து வருகிற தண்ணீர் சுவரில் முட்டிப் பக்கத்து நிலத்தில் நிற்கும். உள்ளே விழுந்தது ஒரே வேகத்தில் கீழே இறங்கும். கீழே ஏரி இருந்தால் வண்டலும் குப்பையும் சேர்ந்து இறங்கும். இந்த ஒரு விஷயத்தில் ஊர் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து. வேறு பலவற்றைப் பின்னால் கேட்டு வாங்கலாம். மட்டத்தை உயர்த்திவிட்ட பிறகு தண்ணீரைத் திருப்பிக் கேட்க முடியாது.

நடக்கும்போது கேட்க வேண்டிய இன்னொன்று, பதிவேட்டில் இல்லாத பாதைகள். பட்டா நிலத்தின் வரப்பு வழியாகத்தான் பல ஊர்களில் வயலுக்கும் சுடுகாட்டுக்கும் போகிறார்கள். நிலத்துக்காரர் ஊர்க்காரராக இருக்கிறவரை யாரும் எழுத்துக் கேட்டதில்லை. நிலம் வெளியாள் கைக்குப் போனதும் முள்கம்பி வரும். சுடுகாட்டுப் பாதை என்றால் பிணத்தைத் தூக்கிக்கொண்டு நெல் வயலில் இறங்க வேண்டிய நிலை, அனேகமாகக் காலனி மக்களுக்குத்தான் வரும். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, தனியார் நிலத்தின் வழியே 20 ஆண்டு தடையில்லாமல், உரிமையாக நடந்துவந்தால் அந்த வழி உரிமையாகிவிடும். ஆனால் அடைத்த பிறகு இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். "பேசிக்கலாம்" என்று தள்ளிப்போட்டால் அந்த இரண்டு ஆண்டும் போய்விடும். ஆகவே மனைப்பிரிவு வரைபடம் அனுமதிக்குப் போகும்போதே இந்தப் பாதையை அதில் காட்டச் சொல்லிக் கேட்பதுதான் மலிவான வழி.

சாலை யாருக்காக?

மனைப்பிரிவோடு சேர்ந்து வருகிற சாலைப் பேச்சைத் தனியே பிரித்துப் பேசுங்கள். ஊருக்கு ரோடு என்றதும் எதிர்ப்புப் பாதியாகக் குறையும் என்பது மனை போடுகிறவருக்குத் தெரியும்.

பொதுச் சாலையிலிருந்து நிலத்துக்குப் போக அணுகுபாதை இல்லாமல் மனைப்பிரிவுக்கு அனுமதி கிடைக்காது. பழைய வண்டிப்பாதைதான் அந்த அணுகுபாதை என்றால், அது பொதுப்பாதை, இத்தனை அகலம் என்று உள்ளாட்சியிடம் கடிதம் கேட்பார்கள். விளம்பரத்தில் '30 அடி ரோடு' என்று இருக்கும். புலப்படத்தில் வண்டிப்பாதை நாலு மீட்டராக இருக்கும். நாலு மீட்டர் என்பது 13 அடி. மீதி 17 அடி யாருடைய பட்டாவிலிருந்து வரும்? இந்தக் கேள்வியைக் கிராம சபையில் கேட்டுப் பதிலைப் பதிவு செய்யுங்கள். ஓரத்து நிலத்துக்காரர் மனமுவந்து எழுதிக்கொடுத்தால் தானப் பத்திரம் பதிவாக வேண்டும். "ஊருக்காக ரெண்டடி விடுங்க மாமா" என்று வாய்வார்த்தையில் வேலியை நகர்த்துவது பத்து வருஷத்துச் சண்டைக்கு விதை. இன்னொன்று, அந்த அகலப்படுத்தும் செலவு யாருடையது? தனியார் மனைக்குப் போகிற பாதையை ஊராட்சி நிதியில் போட்டால், அந்த ஆண்டு உங்கள் தெருவுக்கு வர வேண்டிய சாலை தள்ளிப்போகும்.

அரசே நிலமெடுத்துப் போடுகிற சாலை வேறு கதை. அதில் நாள் கணக்கு முக்கியம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஏ அறிவிக்கை வெளியான 21 நாளுக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுக்க வேண்டும். மாநில நெடுஞ்சாலை என்றால் 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டப்படி வருகிற நோட்டீஸில் உள்ள தேதிதான் கெடு. ஆளுக்கொரு மனுவாக, தன் சர்வே எண்ணையும் கிணறு, மரம், வீடு எல்லாவற்றையும் குறித்து எழுத வேண்டும்; ஊர் சேர்ந்து போட்ட ஒரே மனு தனி மனுவுக்கு ஈடாகாது. சென்னை – சேலம் எட்டுவழிச் சாலை வழக்கில் 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது; 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நில எடுப்பைத் தொடரலாம் என்றது. ஒரு தீர்ப்போடு விஷயம் முடிந்துவிட்டதாக நினைத்துக் காகிதங்களைத் தொலைத்துவிடாதீர்கள்.

சாலை போடும்போது தண்ணீருக்கு வழி விடுகிறார்களா என்பதையும் அம்புக்குறி போட்ட அதே ஜெராக்ஸை வைத்துப் பாருங்கள். மூன்றடி உயர்த்திய ரோடு தண்ணீரைப் பொறுத்தவரை ஒரு கரைதான். எந்தெந்த இடத்தில் குழாய்ப் பாலம், எந்த இடத்தில் சிறுபாலம் என்பதைத் தீர்மானத்திலேயே சர்வே எண்ணோடு எழுதிவிடலாம்.

கூட்டத்தில் பேசுவது

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் உறுப்பினர். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். சூடான விவாதம் நடந்து முடிந்தபின், ஆள் போதவில்லை என்று தீர்மானமே விழுந்துபோன ஊர்கள் உண்டு. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து எத்தனை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். தலைவர் இல்லாமல் தனி அலுவலர் நிர்வாகம் நடக்கிற காலத்திலும் கிராம சபை உண்டு.

மனைப்பிரிவு விஷயத்தைப் பொருள் பட்டியலில் முன்கூட்டியே சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து, ஏற்புச் சான்று வாங்குங்கள். கடைசியில் 'இதர பொருள்' என்று வந்தால், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்.

நிலத்தை விற்றவரைத் துரோகியாக்காதீர்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன். அவர் பிள்ளை திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்ப்பான். கிணறு வற்றியிருக்கும். கூட்டுறவுக் கடன், பெண்ணின் கல்யாணம் என்று எத்தனையோ இருக்கும். மானாவாரியில் அவர் பட்ட பாடு ஊருக்கே தெரியும். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதும் அவருடைய பங்காளிகள் எல்லாரும் மறுபக்கம் போய்விடுவார்கள். நிலத்தைப் பற்றிய கூட்டம் வம்சச் சண்டையாகிவிடும். பேச்சு எப்படிப் போகலாம் என்பதற்கு ஒன்றைக் காட்டுகிறேன்.

"ஏம்ப்பா, என் நிலத்த விக்கிறதுக்கு நான் ஊரக் கேக்கணுமா?"

"கேக்க வேணாம் சித்தப்பா. தாராளமா வித்துக்கங்க. உங்க மேல வரப்போரம் ஓடுற வாய்க்கால்லதான் எங்க ஏழு பேரு வயலுக்குத் தண்ணி வருது. வாங்குறவரு அத மூடாம, லேஅவுட் படத்துல வாய்க்கால்னு காட்டணும். நீங்க ஒரு வார்த்த சொன்னா அவரு தட்ட மாட்டாரு."

"அது நியாயம்தான். நானும் அந்தத் தண்ணியில பயிர் வெச்சவன்தானே."

பிரியாமல் இருக்க வேண்டிய ஒருவர் இப்படித்தான் கூடவே நிற்பார். அதேபோல, சாலை வேண்டும் என்று கேட்கிற காலனி இளைஞரை எதிரியாகப் பார்க்க வேண்டாம். மழைக்காலத்தில் ஆம்புலன்ஸ் உள்ளே வராத தெருவில் பிறந்தவருக்கு ரோடு என்பது உயிர்ப் பிரச்சினை. பழைய ஊரில் எப்போதோ ரோடு போட்டாகிவிட்ட தெருக்காரர்கள் அவரிடம் பொறுமை போதிக்கக் கூடாது. அவருடைய தெருவுக்கு ரோடு வேண்டும் என்பதைத் தனித் தீர்மானமாகப் போடுங்கள்; மனைப்பிரிவு வந்தாலும் வராவிட்டாலும் அது வர வேண்டியதே.

பெண்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும், அதுவும் முதலில். தண்ணீர்க் கணக்கு அவர்களிடம் இருக்கிறது. 10 ஏக்கரில் ரோடும் பூங்கா இடமும் போக, 1,200 சதுர அடி மனையாகப் பிரித்தால் இருநூறுக்குச் சற்று மேல் மனை வரும். வீட்டுக்கு நாலு பேர் என்றால் 800 பேருக்கு மேல். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவான ஆளுக்கு 55 லிட்டர் வைத்தால் தினமும் 45,000 லிட்டர். உங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர் என்றால், எங்கே போர் போடுவார்கள், எந்தத் தெருக் குழாயில் தண்ணீர் குறையும் என்று கேட்பது நியாயமான கேள்வி. எல்லா மனையிலும் உடனே வீடு வந்துவிடாது. பல இடங்களில் முதலீட்டுக்காக வாங்கிப் போட்ட மனை சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அப்போது ஊராட்சிக்கு வீட்டு வரியும் வராது. தெருவிளக்கு மின்கட்டணமும் ரோடு பராமரிப்பும் மட்டும் வரும். வரவையும் செலவையும் இப்படி ஒன்றாக வைத்துப் பேசினால், "ஊராட்சிக்கு வருமானம்" என்ற வாதத்தை அளந்து பார்க்கலாம்.

ஊருக்குக் கிடைக்க வேண்டியதும் இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள் சொல்கின்றன. 10 ஏக்கர் மனைப்பிரிவில் அது ஏறக்குறைய 70 சென்ட். அந்த 70 சென்ட் எங்கே அமைய வேண்டும் என்பதில் ஊர் கருத்துச் சொல்லலாம். யாருக்கும் விற்காத மூலையை ஒதுக்குவது வழக்கம். ஓடையை ஒட்டி ஒதுக்கினால் தண்ணீர் பரவ இடமும் பிள்ளைகள் விளையாட இடமும் சேர்ந்தே கிடைக்கும்.

தீர்மானம்

'எதிர்க்கிறோம்' என்ற ஒரு வரித் தீர்மானத்தை எந்த அலுவலகமும் கோப்பில் வைத்துவிட்டுப் போய்விடலாம். பரந்தூர் விமான நிலையம் 2022-ல் அறிவிக்கப்பட்டதிலிருந்து அதில் பாதிக்கப்படும் ஏகனாபுரம் கிராம மக்கள் கிராம சபையில் திரும்பத் திரும்ப எதிர்ப்புத் தீர்மானம் போட்டும் திட்ட வேலை நிற்கவில்லை. மனைப்பிரிவு போன்ற சிறிய திட்டத்தில், அலுவலகம் பதில் சொல்லியே ஆக வேண்டிய வடிவில் எழுதினால் பலன் அதிகம். ஒரு மாதிரி:

"...... ஊராட்சி, ...... வருவாய் கிராமம், சர்வே எண் ...... முதல் ...... வரை அமைக்கப்படவுள்ள மனைப்பிரிவு குறித்து விவாதிக்கப்பட்டது. சர்வே எண் ......-ல் உள்ள வண்டிப்பாதை, சர்வே எண் ......-ல் உள்ள ஓடை ஆகியவற்றை நில அளவர் அளந்து கல் நட்டபின்பே அணுகுபாதை குறித்து ஊராட்சி கடிதம் வழங்க வேண்டும். இணைக்கப்பட்ட வரைபடத்தில் அம்புக்குறியிட்ட வழியாக மழைநீர் செல்வதால், நீர்வளத் துறை நேரில் பார்வையிட்டு அறிக்கை தர வேண்டும். சுடுகாட்டுப் பாதை மனைப்பிரிவு வரைபடத்தில் காட்டப்பட வேண்டும். இவை நிறைவேறும் வரை இறுதி அனுமதி வழங்கக் கூடாது என இக்கிராம சபை ஏகமனதாகத் தீர்மானிக்கிறது."

ஏகமனதாக இல்லாவிட்டால் அப்படி எழுதாதீர்கள். எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்பு என்று எழுதுங்கள். மாற்றுக் கருத்தையும் இரண்டு வரி பதிவு செய்தால் பின்னால் யாரும் பொய் என்று சொல்ல முடியாது. எல்லாவற்றிலும் முக்கியமானது, தீர்மானத்தை எழுதி, உரக்க வாசித்து, அதன் கீழே கோடு போட்டு அடைத்த பிறகே கையெழுத்துப் போடுவது. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு பிறகு எழுதிக்கொள்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தப் பக்கத்தை அங்கேயே நாலு பேர் செல்போனில் படம் எடுங்கள்.

அதற்குப் பிறகு

தீர்மான நகலோடு மனு மூன்று இடத்துக்குப் போக வேண்டும்: மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகம், வட்டாட்சியர், நீர்வளத் துறையின் உதவி செயற்பொறியாளர். ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்பி, அந்த ஒப்புகையை வையுங்கள். இரண்டு வாரத்தில் அசைவு இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி நடக்கிற காலமாக இருந்தால் அது இன்னும் நல்ல இடம். கிராமக் கணக்குகளே அங்கே மேசையில் இருக்கும், வண்டிப்பாதையையும் ஓடையையும் அதிகாரி முன்னாலேயே பதிவேட்டில் காட்டிப் பேசலாம். ஓடையை மூடும் வேலை தொடங்கிவிட்டால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து ஆறு மாதக் கெடு.

தொழில்நுட்ப அனுமதி கிடைத்து மனைப்பிரிவு வருகிறது என்றாலும் ஊரின் வேலை முடியவில்லை. சாலைகளையும் திறந்தவெளி இடத்தையும் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரத்தின் நகலை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு வாங்கி, அதில் உள்ள நான்கெல்லையையும் அளவையும் அனுமதித்த வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள். நிலத்தில் போய் டேப் பிடித்துப் பாருங்கள். 30 அடி என்று எழுதியது 26 அடியாக இருந்தால், பூங்கா இடத்தில் மனைக்கல் நட்டிருந்தால், குழாய்ப் பாலத்தின் வாய் ஓடை மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்திருந்தால், அதை இறுதி அனுமதிக்கு முன் எழுத்தில் கொடுங்கள். இறுதி அனுமதி கையெழுத்தாகி மனைகள் பதிவாகிவிட்ட பிறகு, அந்த நாலடியை மீட்க நூறு மனைக்காரர்களோடு தனித்தனியாக வழக்காட வேண்டியிருக்கும்.